அடுப்பேறாத பால்

ஏரிக்கொல்லை,
பென்னாகரம் வழி.
12-3-1944

அருமைத் தம்பி மாதையனுக்கு அக்கா ராமக்கா எழுதிக்கொண்டது.

எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. அப்படி எழுதிவிட்டால் மீதிக் கடுதாசி பொய்யாகிவிடும். அதனால் மனுஷர் சௌக்கியம், மாடு சௌக்கியமில்லை என்று எழுதுகிறேன்.

முதலில் உன் மேல் உள்ள கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். தை பிறந்ததற்கு ஒரு கார்டு போட்டாய். மாசி முடியப் போகிறது. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் காயம் கட்டுகிறவனுக்கு ஒரு கார்டு எழுதக் கை வரவில்லையா? தபால்காரர் தலை தெரிந்தால் உன் மகள் ஓடிப்போய், "எங்கப்பன் எழுதியிருக்குதாங்க?" என்று நிற்கிறாள். அவர் கையை விரித்தால் திரும்பி வந்து என்னிடம், "நீ எழுதாமெ இருக்கறே அத்தெ, அதான் அப்பனும் எழுதலெ" என்கிறாள். ஐந்து வயசுக்கு இந்த வாய். பெற்றவள் இருந்து கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. பிள்ளையை என் கையில் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டு தீர்த்தம்மாள் என்று பெயர் வைத்தோம், வாயில் வருவது பாப்பாதான். களி உருண்டையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பால்தான் அவளுக்குச் சோறு. தாய்ப்பால் அறியாத பிள்ளைக்கு மாட்டுப்பாலாவது குறைவில்லாமல் கிடைக்கட்டும் என்று, பட்டாளத்துக்குப் போகுமுன் ஓசூர்ப் பக்கமிருந்து நீ ஓட்டிவந்து கட்டினாயே, அந்தச் சிந்து மாட்டை நம்பித்தான் அவள் வயிறு இருக்கிறது. நம் ஆலம்பாடி மாடுகள் ஏருக்குச் சரி, கறவைக்கு ஆகுமா? செவலை அப்படியில்லை. பாப்பா குடித்து, பக்கத்து வூட்டு முனியம்மாளின் மகள் சின்னம்மாளுக்கும் ஊற்றி, மிச்சம் பென்னாகரம் காபிக்கடைக்குப் போகிறது.

இப்போது அதற்குத்தான் கேடு. மடி ஒரு பக்கம் வீங்கிக் கல்லாகக் கிடக்கிறது. அந்தக் காம்பில் பால் திரிதிரியாய் வருகிறது. கை வைத்தால் உதைக்கிறது. உன் மாமா சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசிப் பார்த்துவிட்டார். கேட்கவில்லை.

எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். போன வாரம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பாப்பா தொட்டியில் விழப் போகிறாள் என்று ஓடினேன். திரும்பி வருவதற்குள் பால் பொங்கி நெருப்பில் வழிந்து சீறிக்கொண்டிருந்தது. இரண்டொரு நாளில் மடி வீங்கிவிட்டது. முனியம்மாள் பார்த்ததுமே கேட்டாள்: "பாலெ பொங்க வுட்டியா ராமக்கா? நெருப்புலெ வுழுந்த பாலு மாட்டு மடியெ சுடும்னு தெரியாதா?"

தெரியாமல் என்ன? நம் ஆத்தா எத்தனை தரம் சொல்லி நம் முதுகில் போட்டிருக்கிறாள். அன்றிலிருந்து செவலைப் பாலை அடுப்பில் ஏற்றுவதேயில்லை. வெந்த மடிக்கு மேலும் சூடு காட்டலாமா? பாப்பாவுக்கு நல்ல காம்புகளில் கறந்து, கறந்த சூட்டோடு கொடுத்துவிடுகிறேன். முனியம்மாளிடமும், மடி ஆறும்வரை காய்ச்சாமல் கொடு என்று சொல்லித்தான் ஊற்றுகிறேன்.

அங்கே பெரிய பெரிய மருந்தெல்லாம் வந்திருப்பதாக மாமா சந்தையில் கேட்டு வந்தார். மாட்டுக்கு ஆகிறது ஏதாவது இருந்தால் அனுப்பு. மாடு போனால் பிள்ளை என்ன குடிப்பாள்?

உன் அக்கா,
ராமக்கா

* * *

பூனா,
21-3-1944

அன்புள்ள அக்காவுக்கு மாதையன் எழுதுவது.

உன் கோபத்தை இரண்டு தரம் படித்தேன். நேரில் திட்டு வாங்கினதுபோலச் சுகமாக இருந்தது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

நான் ஒன்றும் காயம் கட்டுவதில்லை, அக்கா. ஊசி, கத்தி, கத்தரி எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு எடுப்பதுதான் நாள் முழுக்க என் வேலை. கொதிக்காத எதுவும் நோயாளி உடம்பில் படக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒட்டிக்கொண்டிருக்குமாம், கொதித்தால்தான் சாகுமாம். ஒரு ஊசி தவறினால் எங்கள் ஹவில்தார் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறார். ஆவியில் நின்று நின்று என் முகம் புட்டுப்பானை மூடி மாதிரி ஆகிவிட்டது. பாப்பா பார்த்தால் அடையாளம் தெரியாமல் அழுவாள்.

இதோடு வரும் சோப்புப் பெட்டிக்குள் வெள்ளை மாத்திரைகள் வைத்திருக்கிறேன். சல்பா என்று பெயர். சீழ் பிடித்த காலோடு வந்தவன் ஒரு வாரத்தில் எழுந்து நடக்கிறான், என் கண்ணால் பார்க்கிறேன். குணமாகிப் போனவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போனவை இவை. வெளியே தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவார்கள். யாரிடமும் மூச்சு விடாதே.

மனுஷருக்கே கைநிறையக் கொடுக்கிறார்கள். மாட்டு உடம்புக்கு எவ்வளவு வேண்டுமோ, யாரைக் கேட்பது? கையில் இருப்பது இவ்வளவுதான். பொடித்துத் தவிட்டில் கலந்து வேளைக்கு ஒன்று வை. வீக்கம் வற்றினதும் நிறுத்திவிடு. மீந்ததைப் பத்திரமாக எடுத்து வை, பாப்பாவுக்கு ஒரு காய்ச்சல் என்றால் ஆகும்.

பாலை அடுப்பில் ஏற்றாதது நல்லது. ஆத்தா சொன்னது பொய்யாகாது. மடி நன்றாக ஆறட்டும், அவசரப்படாதே.

பாப்பாவுக்கு ஒரு மரக்குதிரை வாங்கி வைத்திருக்கிறேன். கேட்டால், அப்பன் அதன்மேல்தான் ஏறி வரும் என்று சொல்.

உன் தம்பி,
மாதையன்

* * *

ஏரிக்கொல்லை,
16-4-1944

அருமைத் தம்பிக்கு,

உன் மருந்து மருந்தல்ல, மாயம். மூன்றாம் வேளைக்கே மடி இளகிவிட்டது. பால் வெள்ளையாய் வந்தது. உன் மாமா ஒரு வார்த்தையைச் சுலபத்தில் விடுகிற ஆளா? "உன் தம்பி கெட்டிக்காரன்தான்" என்று அவர் வாயாலேயே சொன்னார். தேதி குறித்து வைத்துக்கொள், இன்னொரு தரம் சொல்ல மாட்டார்.

நீ எழுதினபடி வீக்கம் வற்றினதும் நிறுத்திவிட்டேன். பத்து நாள் கழித்து மறுபடி அதே இடத்தில் தடித்தது. மறுபடி மாத்திரை வைத்தேன், வற்றியது, நிறுத்தினேன். இப்போது திரும்பவும் கொஞ்சம் தடித்திருக்கிறது, முன்போல் சட்டென்று இறங்கவில்லை. மாத்திரை தீர்ந்துவிடுமே என்று பயந்து பாதிப் பாதியாய் வைக்கிறேன். ஒரு கை உப்பை ஒரு மாசம் ஓட்டுகிறவள் நான், எனக்கா சிக்கனம் தெரியாது? பாப்பாவுக்கென்று தனியே ஒரு முடிச்சு கட்டி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். அதை மாட்டுக்குத் தொட மாட்டேன்.

வருஷப் பிறப்பன்று பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, உன் பழைய துண்டைப் பாவாடையாய்க் கட்டிவிட்டேன். துணி கிடைக்கிற காலமா இது? மண்ணெண்ணெய்க்கே பென்னாகரத்தில் வரிசை. அவளுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. விடிந்ததும் பித்தளைத் தம்ளரை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டாயில் என் பக்கத்தில் குந்திக்கொள்கிறாள். நான் கறக்கக் கறக்கத் தம்ளரை நீட்டுகிறாள். நுரை மூக்கில் ஒட்ட ஒட்டக் குடித்துவிட்டு, "செவலெக்கும் அப்பன்தான் மருந்து அனுப்பிச்சு, எனக்கும் அப்பன்தான் குதிரெ அனுப்பும்" என்று மாட்டிடம் சொல்கிறாள். மாடும் தலையை ஆட்டுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று சரி.

பால் இன்னும் அடுப்பேறவில்லை. நீயும் அப்படித்தான் எழுதினாய் என்று முனியம்மாளிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரிலெ இருக்கறவங்களே சொல்றாங்கன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்றாள்.

இன்னும் கொஞ்சம் மாத்திரை கிடைத்தால் அனுப்பு. கூடவே மறு கல்யாணத்தைப் பற்றியும் ஒரு வரி எழுது. அதைக் கேட்டால் மட்டும் உன் பேனாவில் மை தீர்ந்துவிடுகிறது.

அக்கா

* * *

பூனா,
29-4-1944

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். பர்மா எல்லையிலிருந்து ரயில் ரயிலாய் ஆட்கள் வருகிறார்கள். தாழ்வாரத்தில்கூடப் படுக்கை போட்டிருக்கிறது.

கிடைத்த மாத்திரைகளை இதோடு அனுப்புகிறேன். ஆனால் பாதிப் பாதியாய் வைக்காதே. நேற்று ஒரு ஜவான், காய்ச்சல் விட்டதும் மாத்திரையைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவைத்தான் என்று டாக்டர் அவனைப் பிடித்துக் கத்தினார். அவர் சொன்னதை நம் பேச்சில் சொன்னால், பாம்பைக் குற்றுயிராய் அடித்துவிட்டால் அது பிழைத்து வந்து கடிக்கும் என்பதுதான். அரைகுறையாய் மருந்து சாப்பிட்டால் பிழைத்த கிருமி அந்த மருந்துக்கே பழகிப்போகுமாம். பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அசையாதாம். இது மாட்டுக்கும் பொருந்துமா என்று தெரியவில்லை. எதற்கும் இந்தத் தடவை முழுசாய்க் கொடுத்து முடித்துவிடு.

மை தீர்ந்துவிட்டது.

மாதையன்

* * *

ஏரிக்கொல்லை,
13-5-1944

தம்பிக்கு,

பயப்படாமல் படி. பாப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு காய்ச்சல். முந்தாநாள் விளையாடிவிட்டு வந்தவள், தம்ளரை நீட்டாமல் என் மடியில் வந்து படுத்துக்கொண்டாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன், உள்ளே சிவந்து வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது. முனியம்மாள் மகள் சின்னம்மாளுக்கும் இதே தொண்டைதான். ஊரில் ஏதோ காற்று.

நல்ல வேளை, அரிசிப் பானை முடிச்சு இருக்கிறது. நேற்றிலிருந்து தேனில் குழைத்துக் கொடுக்கிறேன். நீ எழுதினபடி குறைக்காமல் கொடுக்கிறேன். செவலைக்கே கேட்டது, இந்தச் சிட்டுக்குருவிக்குக் கேட்காதா? பால் மட்டும்தான் தொண்டையில் இறங்குகிறது. பிள்ளைக்குப் பால் வேண்டுமே என்று செவலைக்கும் நீ அனுப்பினதில் கொடுத்துவருகிறேன். அதற்கு இந்தத் தடவை மடி இளகவே இல்லை.

காய்ச்சல் இறங்கினதும் எழுதுகிறேன். நீ அங்கே கிடந்து மனசை வருத்திக்கொள்ளாதே.

அக்கா

* * *

பூனா,
19-5-1944

அக்கா, பாலைக் காய்ச்சு.

மற்றதைப் பிறகு படி. இப்போதே எழுந்துபோய், செவலைப் பால் எங்கே இருந்தாலும் கொட்டிவிடு. அதைப் பாப்பா வாயில் வைக்காதே. வேறு மாட்டுப் பாலானாலும் நன்றாகப் பொங்கக் காய்ச்சிக் கொடு.

உன் கடுதாசியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். நம் மாதிரி ஆட்கள் அவரிடம் நேராகப் பேசக் கூடாது. பேசினேன். பிள்ளைக்குத் தொண்டையில் சீழ், காய்ச்சல், சல்பா கொடுக்கிறார்கள் என்றேன். அவர் முதலில் கேட்டது, "என்ன குடிக்கிறாள்?" பால் என்றேன். "காய்ச்சியதா?" என்றார். மாட்டு மடி வீங்கினது முதல் எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா. கையில் கொதிநீர்த் தட்டு இருந்தது. நாளெல்லாம் ஊசியைக் கொதிக்க வைக்கிறேன், என் பிள்ளை குடிக்கிற பாலைக் காய்ச்சாதே என்று இதே கையால் எழுதியிருக்கிறேன்.

மடி வீங்கின மாட்டின் பாலில் அந்த நோய்க் கிருமி அப்படியே இருக்குமாம். நல்ல காம்பு, கெட்ட காம்பு என்று பிரிக்க முடியாதாம். நாம் சொட்டுச் சொட்டாய் மருந்து வைத்ததில் அது செத்துப்போகாமல் மருந்துக்குப் பழகியிருக்கும் என்கிறார்.

மடி வெந்தால் வேகட்டும். மாடு செத்தால் சாகட்டும். உடனே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தர்மபுரிக்குப் போ. லீவு கேட்டிருக்கிறேன். கொடுக்க மாட்டோம் என்றால் காலில் விழுவேன்.

மாதையன்

* * *

தர்மபுரி,
22-5-1944

தம்பிக்கு,

தர்மபுரியில் ஒரு டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். குப்புராஜ் என்று பெயர், நல்ல மனுஷர். பாப்பா உள்ளே பெஞ்சில் படுத்திருக்கிறாள். உன் மாமா பக்கத்தில் இருக்கிறார்.

முடிச்சிலிருந்த மாத்திரை முழுக்கத் தீர்ந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. காதில் சீழ் கட்டியது. பிறகு காதுக்குப் பின்னால் எலும்பு மேல் வீங்கிக் காது மடலே முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகுகிறாள். பென்னாகரம் வரைக்கும் வண்டி கட்டி வந்தோம். அங்கிருந்து கரி பஸ். அது ஏற்றத்துக்கு ஏற்றம் நின்றது. ஒவ்வொரு தரமும் இறங்கி, கரியைக் கிளறி, விசிறி, மறுபடி கிளப்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "வெரசா போங்கண்ணா, கொழந்தெ இருக்குது" என்று உன் மாமா டிரைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்து ஒரு சீசாவை எடுத்தார். அதே வெள்ளை மாத்திரை. "இதெத்தானுங்க கொடுத்தோம், கேக்கலெ" என்றேன். "எத்தனெ? எப்போதிருந்து?" என்று கேட்டார். சொன்னேன். "இதுக்கு முந்தி இந்தக் குழந்தைக்குக் கொடுத்ததுண்டா?" இல்லை, மாட்டுக்குத்தான் கொடுத்தோம் என்றேன். சீசாவைக் கீழே வைத்துவிட்டார்.

மாட்டுக்கு என்ன நோய், எவ்வளவு கொடுத்தேன், எத்தனை தரம் நிறுத்தினேன், எல்லாம் கேட்டார். வழிக்கு வேண்டுமே என்று சொம்பில் செவலைப் பால் கொண்டுவந்திருந்தேன். அதைக் காட்டி, "இது காய்ச்சினதா?" என்றார். இல்லை, மடி வேகும், என் தம்பியும் பட்டாளத்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான், அவனே காய்ச்ச வேண்டாமென்று எழுதினான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துருமா, அம்மா? உங்க வூட்டு அடுப்புலெ பால் கொதிச்சா கொட்டாயிலெ இருக்கற மாட்டு மடி எப்படி வேகும்?" என்றார்.

நிஜம்தானே, எப்படி வேகும்? முப்பத்தைந்து வயசு வரைக்கும் இதை நான் ஒரு தரம்கூட யோசித்ததில்லை. சொம்பை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து பாப்பா, "பாலு குடு அத்தெ" என்கிறாள். தண்ணீர்தான் கொடுத்தேன்.

காதுக்குப் பின்னால் கீறிச் சீழை எடுத்திருக்கிறார். சேலத்துக்குக் கொண்டுபோகலாம், ஆனால் அங்கேயும் இதே மாத்திரைதான் என்கிறார். பட்டாளத்துக்கு மட்டும் புதிதாய் ஒரு ஊசி வந்திருக்கிறதாம், அதன் பெயரைக்கூட எனக்காக இரண்டு தரம் சொன்னார். பென்சிலின். உன் ஆஸ்பத்திரியில் இருக்கும் என்கிறார்.

தம்பி, நீ அதைத் திருடு. நான் உன்னை வளர்த்தபோது அடுத்த வீட்டு மாங்காயைத் தொட்டதற்குக் கையில் சூடு போட்டவள் நான்தான். நானே சொல்கிறேன், திருடு. உன்னைப் பிடித்து ஜெயிலில் போட்டால் வாழ்நாளெல்லாம் நான் சோறு கொண்டுவருகிறேன். சீக்கிரம் கொண்டு வா.

ராமக்கா

* * *

பூனா,
28-5-1944

அக்கா,

அந்த மருந்து இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. சாவி கர்னல் இடுப்பில். கேட்டேன். இது சிப்பாய்களுக்கே போதவில்லை, யாருடைய குழந்தைக்கும் இல்லை என்றார். நான் நகரவில்லை. காவலாளி வந்து தோளைப் பிடித்து வெளியே தள்ளினான்.

இன்று என் டாக்டர் கூப்பிட்டார். ஒருவனுக்கு ஊசி போட்டும் அவன் பிழைக்கவில்லை. அவனுக்கென்று கொடுத்த குப்பியில் பாதிக்கு மேல் மிச்சம். "கணக்குக்கு நான் பொறுப்பு, நீ போ" என்று என் கையில் வைத்தார். வாங்கும்போது அந்தச் சிப்பாயின் முகம் தெரிந்தது. அவனுக்கும் எங்கேயோ ஓர் அக்கா இருப்பாள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

ஐந்து நாள் லீவு. இந்தக் கடுதாசியும் நானும் ஒரே ரயிலில்கூட வரலாம். குப்பி சூடு படக் கூடாதாம். மண்குடுவையில் ஈரத்துணி சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன். மரக்குதிரையும் எடுத்துக்கொண்டேன். பாப்பாவிடம் சொல், அப்பன் கிளம்பிவிட்டது, கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிரு என்று.

அக்கா, அவளைப் பிடித்து வை.

மாதையன்

* * *

ஏரிக்கொல்லை,
29-5-1944

தம்பி,

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பாப்பா போய்விட்டாள். தர்மபுரியிலிருந்து நம் ஊருக்குக் கொண்டுவந்து, அவள் ஆத்தா பக்கத்திலேயே வைத்துவிட்டோம். தந்தி கொடுக்க மாமா போனார், பட்டாளத்துத் தந்திகளே நாள்கணக்கில் கிடக்கின்றன என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

கடைசியில் வலி இல்லை போலிருக்கிறது. குதிரை வந்ததா என்று ஒரு தரம் கேட்டாள். வந்துகொண்டே இருக்கிறது என்றேன்.

"பாலைக் காய்ச்சு" என்று நீ எழுதின கடுதாசி இன்றைக்குத்தான் வந்தது.

ராமக்கா

* * *

ஏரிக்கொல்லை,
24-9-1944

தம்பி மாதையனுக்கு,

நீ வந்து நின்றாய். குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு, மரக்குதிரையை அவள் தலைமாட்டில் மண்ணில் ஊன்றிவிட்டு, வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமலே திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு நான் மூன்று கடுதாசி போட்டேன். பதில் இல்லை. இது நாலாவது.

பென்னாகரத்து மாது, உன்னோடு அங்கே வேலை செய்கிறவன், லீவில் வந்தபோது நடந்துபோய் அவனைப் பார்த்தேன். "உசுரோட இருக்கான்க்கா. பேச்சுதான் இல்லெ. கொதிச்ச ஊசியையே திரும்பத் திரும்பக் கொதிக்க வெக்கறான். வாங்கி வெச்சா மறுபடி எடுத்துப் போடறான்" என்றான். கேட்டுவிட்டு வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். உன்னைத் தூக்கி வளர்த்த கை இது. அதை உன்மேல் வைக்கக்கூட முடியாத தூரத்தில் இருக்கிறாய்.

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கலுக்கு ஊரே போனது. நாங்கள் போகவில்லை. உன் மாமா செவலையைச் சந்தைக்கு ஓட்டுகிறேன் என்றார். நான் விடவில்லை. இன்னொரு வூட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாலை ஊற்றத் தெரிந்தே அனுப்புவதா? மாடு என்ன பாவம் செய்தது என்பது வேறு. கெட்ட காம்பு தானாகவே வற்றிவிட்டது. டாக்டர் சொன்னபடி அதுவரை செவலைப் பாலை யாருக்கும் கொடுக்காமல் குழி வெட்டி ஊற்றினேன். பிறகு அவரே வந்து பார்த்து, மற்றக் காம்புகளின் பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்றார்.

சின்னம்மாளுக்குத் தொண்டை தானாக ஆறிவிட்டது. ஏன் அவளுக்கு ஆறியது, இவளுக்கு ஆறவில்லை என்று டாக்டரைக் கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். அந்தப் பிள்ளை இன்னமும் தினம் வந்து, "பாப்பா எப்பங்க வரும்?" என்று கேட்கிறாள். அவள்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஆவணியில் முனியம்மாள் புதிதாய் வாங்கிக் கட்டின மாட்டுக்கும் மடி வீங்கியது. அவளும் பாலை அடுப்பில் ஏற்றாமல் அப்படியே பிள்ளைக்குக் கொடுத்தாள். போய்ச் சொன்னேன். "உனக்குப் பித்துப் புடிச்சிருக்குது ராமக்கா. எம்மாட்டு மடியும் வேகணுமா?" என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் அடுப்புக்கு எதிரில் உட்காரவைத்தேன். அவள் கண்ணெதிரே செவலைப் பாலைக் கறந்து, சட்டியில் ஊற்றி, விறகைத் தள்ளிவிட்டேன். பால் ஏறியது. அவள், "எறக்கு, எறக்கு" என்று கத்தினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பொங்கி, நாலு பக்கமும் வழிந்து, நெருப்பு அணைந்து, வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. பிறகு இருவரும் கொட்டாய்க்குப் போனோம். அவள் பயந்து பயந்து மடியைத் தொட்டாள். நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று சாயந்திரம் அவள் அடுப்பில் பால் கொதிக்கிற வாசனை வந்தது.

அவள் ஒரு தரம் பார்த்ததோடு சரி. என்னால் விட முடியவில்லை. தினமும் காலையில் பாலை வைக்கிறேன், பொங்கி வழிய விடுகிறேன், ஓடிப்போய் மடியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒரு நாளாவது வீங்கியிருக்காதா, சுடாதா, ஆத்தா சொன்னது ஒரு துளியாவது நிஜமாயிருக்காதா என்று தொட்டுப் பார்க்கிறேன். உன் மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுப்பு மண்ணெல்லாம் பால் படிந்து கருகிக் கிடக்கிறது.

இன்றைக்கும் பொங்கவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். செவலை அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. மடி மெத்தென்று, குளிர்ந்திருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை, தம்பி. ஒன்றுமே ஆகவில்லை.

உன் அக்கா,
ராமக்கா